படம் எங்கே?

ஒளிபரப்பு இதழியல் படிப்பின் முதல் பருவத்தில் நான் வாங்கிய மிகக் குறைந்த மதிப்பெண், மிகப் பெருமையோடு ஒப்படைத்த வேலைக்குத்தான் கிடைத்தது. சொந்த ஊரைப் பற்றி இரண்டு நிமிடச் செய்தித் தொகுப்பு ஒன்று செய்து வரச் சொன்னார்கள். நான் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்காரி. 1948 ஜூன் 16ஆம் தேதி எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலிருந்த இன்னொரு தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது அதன் பிறகுதான். இதைவிடப் பெரிய சரக்கு வேறு எந்த மாணவியின் கையில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். ஊருக்கு வந்து தோட்டச் சாலையில் நின்று மரங்களைப் படம் பிடித்தேன். இரண்டு நிமிடமும் என் குரலே ஓடியது.

விரிவுரையாளர் முழுவதையும் பார்த்தார். "எழுத்து நன்றாக இருக்கிறது. படம் எங்கே?" என்றார்.

"மரங்களைக் காட்டியிருக்கிறேனே, சார்."

"அது செம்பனை, எண்ணெய்க்கு வளர்ப்பது. 1948இல் அங்கே நின்றது ரப்பர். நீ வானொலிக்கு எழுதிவிட்டு, அதன் மேல் ஏதோ ஒரு மரத்தை ஒட்டியிருக்கிறாய், அம்மா."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்ததுபோல் காட்டிக்கொண்டேன்.

நான் செய்தி வாசிக்கத்தான் இந்தப் படிப்புக்கு வந்தேன். அதை மறைப்பதில் அர்த்தமில்லை. எங்கள் வீட்டில் அரசு ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஎம்மின் இரண்டாம் அலைவரிசையில் தமிழ்ச் செய்தி ஓடும்போது யாரும் பேசக்கூடாது. அது பாட்டியின் சட்டம். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பரில் வந்தது. பாட்டியின் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, அது வந்து சேரப் பல வருடங்கள் பிடித்தன. தோட்டத்து மண்டபத்தில் ஒரே ஒரு பெட்டி, அதன் முன்னால் பாயோடு போய் இடம் பிடித்ததை இன்றும் சொல்வார். அந்தப் பெட்டிக்குள் பட்டுச் சேலையோடு உட்கார்ந்து நிறுத்தி நிதானமாகத் தமிழ் பேசும் பெண் அவருக்குக் கிட்டத்தட்ட அம்மன். பேத்தி அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு முன்பே அவருக்கு இருந்தது.

கல்லூரியில் முதல் ஆறு மாதம் அந்த நாற்காலி கண்ணிலேயே படவில்லை. கேமராவை முக்காலியில் பூட்டு, வெள்ளைத் தாளைக் காட்டி நிறத்தைச் சரிசெய், பதிவை அழுத்து, பத்து வரை எண்ணு, அதுவரை ஆடாதே, பேசாதே. இவ்வளவுதான் பாடம். அகலமாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, கை தனியாக, முகம் தனியாக. பத்து எண்ணுவது சும்மா என்றுதான் நினைத்தேன். வெட்டித் தொகுக்க உட்கார்ந்தபோதுதான், நான் பிடித்த படங்களில் பாதி மூன்றாவது வினாடியிலேயே வேறு பக்கம் திரும்பியிருப்பது தெரிந்தது. அவசரக்காரி என்று அம்மா திட்டியதற்கெல்லாம் கணினியில் ஆதாரம் இருந்தது.

இரண்டாம் வருடத்தில் மறுபடியும் ஊரைப் பற்றி ஒரு தொகுப்பு செய்யச் சொன்னார்கள். இந்த முறை சரித்திரத்தைத் தொடவில்லை. மூன்றாம் லயத்து அத்தையிடம் போனேன். தோட்டம் செம்பனைக்கு மாறிப் பல காலம் ஆகிறது. அங்கே இப்போது வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டவர்கள். அத்தை மட்டும் பக்கத்தில் ஒரு சிறு தோட்டக்காரரின் ரப்பர் நிலத்தில் இன்னும் பால் வெட்டுகிறார். அறுபது வயதைத் தாண்டியவர்.

"காலையில் எத்தனை மணிக்கு வரட்டும், அத்தை?"

"நான் ஐந்துக்கு மரத்தில் இருப்பேன். நீ எழுந்தால் வா."

வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். சூடு ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். முந்தின இரவு மழை பெய்து பட்டை நனைந்திருந்தால் அன்றைக்கு வெட்டே கிடையாது. இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் இருட்டில் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியாது. முதல் நாள் மழை. இரண்டாம் நாள் போனேன். கல்லூரிக் கேமரா இரவல் கிடைக்காததால் என் கைப்பேசிதான். அத்தையின் நெற்றி விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. அவர் மரத்தைப் பார்த்தால் பட்டை பளிச்சென்று வெளுக்கும். என் பக்கம் திரும்பினால் திரை முழுவதும் ஒரே வெள்ளை. மறுபடி திரும்பினால் கும்மிருட்டு. கைப்பேசி தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்தது. வெளிச்ச அளவைப் பூட்டிவைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஏழாவது மரத்தில்தான் நினைவுக்கு வந்தது.

"அத்தை, இந்த மரத்தை இன்னொரு முறை வெட்டுகிறீர்களா? சரியாக விழவில்லை."

அவர் உளியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு கோடு வெட்டியாயிற்று. இன்னொரு கோடு போட்டால் மரத்துக்குக் காயம். உன் படத்துக்காக நான் மரத்தைக் கெடுக்கவா?" என்று சொல்லிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். இடுப்பில் கட்டிய தகரத்தில் கொசுவர்த்தி புகைய, அவர் நடக்கிற வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. செய்திக்காரன் நடந்ததைப் பிடிக்க வேண்டும், நடக்கவைத்துப் பிடிக்கக்கூடாது என்று நெறிமுறைப் பாடத்தில் எத்தனையோ பக்கம் படித்திருக்கிறேன். அத்தை அதை ஒரே மரத்தில் முடித்துவிட்டார்.

அன்றைக்கு உருப்படியாக ஒன்று செய்தேன். சட்டையில் மாட்டும் சின்ன மைக்கைக் கழற்றி பால் வடியும் கிண்ணமான மங்கு ஒன்றின் விளிம்பில் பொருத்தி, பத்துக்குப் பதில் அறுபது வரை எண்ணினேன். பால் சொட்டும் ஓசை, தூரத்தில் ஒரு சேவல், அத்தையின் காலடியில் சருகு. அந்த ஒரு நிமிடம்தான் என் தொகுப்பைக் காப்பாற்றியது.

பேட்டியில் வேறொரு வம்பு காத்திருந்தது. பாலை எடைபோட்டு முடித்தபின் அத்தை நிதானமாகப் பேசினார். "ஆயாக் கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டு, நாலு மணிக்கே எழுந்து, பிரட்டுக்குப் போய், மழை வந்தால் அரைப்பேரோடு திரும்பி, ஒட்டுப்பாலையும் பொறுக்கி, அதிலேயும் மிச்சம் பிடித்துத்தான் மூன்று பேரையும் படிக்கவைத்தேன்." பிரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுப்பு, அரைப்பேர் என்றால் அரைநாள் கூலி, ஒட்டுப்பால் என்றால் உறைந்து ஒட்டிக்கொண்ட பால். இது நான் சுருக்கியது. உண்மையில் அந்த வாக்கியம் நாற்பது வினாடி ஓடியது. எனக்கு வேண்டியது பன்னிரண்டு வினாடி. எங்கே வெட்டுவது? எங்களுக்குக் கிடைத்த பாடநூல்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருந்தன. பேசுபவரின் வாக்கியம் தொடங்கும் இடத்தில் எடுத்து, கருத்து முடிந்ததும் வெட்டு என்றன. தமிழில் வினைமுற்று வரும்வரை கருத்து முடிவதில்லை. நடுவில் வெட்டினால் "எழுந்து", "போய்", "திரும்பி" என்று அந்தரத்தில் தொங்கும். கடைசியில் தலைகீழாகச் செய்தேன். முன்பாதியை என் குரலில் இரண்டு குட்டி வாக்கியங்களாகச் சொன்னேன். "ஒட்டுப்பாலையும் பொறுக்கி" என்ற இடத்திலிருந்து அத்தையை விட்டேன். இரண்டு இரவு பிடித்தது.

இன்னொரு கணக்கும் அப்படித்தான் உதைத்தது. ஒரு வினாடிக்கு மூன்று சொல் என்று நூலில் போட்டிருந்தது. அதை நம்பி ஒரு நிமிடத்துக்கு நூற்று எண்பது சொல் எழுதிக்கொண்டு போய், மூச்சுவாங்க வாசித்தும் பாதிக்கு மேல் கொஞ்சம்தான் தாண்ட முடிந்தது. 'தெரிவிக்கப்பட்டுள்ளது' என்பதும் ஒரு சொல்தானே! என் வாசிப்பையே பலமுறை பதிவுசெய்து எண்ணிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு நூறுக்குக் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அன்றிலிருந்து அதுதான் என் அளவுகோல்.

மூன்றாம் வருடம் தொழிற்பயிற்சிக்காகக் கோலாலம்பூருக்குப் போனேன். எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஒரு தமிழ்ச் செய்திப் பிரிவு. நாற்காலிகள் நிறைய, ஆட்கள் குறைவு. செய்தியாளரே படம்பிடிப்பார், அவரே வெட்டுவார், அவரே எழுதுவார், முகநூலில் ஏற்றுவதும் அவரே. ஒரு மூத்தவர், தான் சேர்ந்த காலத்தில் ஒரு செய்திக்கு ஓட்டுநரையும் சேர்த்து நான்கு பேர் போவோம் என்றார். நான் இடைநிலைப்பள்ளியில் இருந்தபோதுதான், 2019இல், தமிழ் நேசன் நின்றது. 1924இல் தொடங்கிய நாளிதழ் அது. எங்கள் தாத்தா அதில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினார். அது நின்ற அதே ஆண்டில்தான் பழைய அனலாக் தொலைக்காட்சி ஒளிபரப்பையும் நிறுத்தினார்கள். இந்த நிலைமையில் நீ ஏன் இதைப் படிக்கிறாய் என்று அங்கே என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்கள் எல்லாரும் தினமும் நேரத்துக்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அமைச்சர்களின் செய்தியாளர் சந்திப்பு பெரும்பாலும் மலாயில் நடக்கும். எல்லாரும் கேள்வி கேட்டு முடித்ததும் தமிழ்ப் பிரிவுக்காரர் மட்டும் அங்கே தமிழ் தெரிந்த அதிகாரி யாராவது இருக்கிறாரா என்று தேடி அலைவார். அந்த வேட்டை மூன்று மாதமும் என் பொறுப்பு. ஒருமுறை மருத்துவம் தொடர்பான செய்தி ஒன்றுக்கு, தமிழ் தெரிந்த ஒரே நபராகக் கிடைத்தவர் வாகன நிறுத்துமிடக் காவலர். அவரும் மிக நன்றாகப் பேசினார். பயன்படுத்தத்தான் முடியவில்லை.

எழுத்துரு இன்னொரு தலைவலி. பெயர்ப் பட்டை போடும் மென்பொருளில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 'கோலாலம்பூர்' என்று அடித்தால் எழுத்துகள் தனித்தனியாகச் சிதறும். அதனால் பழைய எழுத்துருவில் ஒருமுறை, யூனிகோடில் ஒருமுறை என்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு தடவை அடிக்க வேண்டும். இரண்டு தடவை அடிக்கும் இடத்தில் இரண்டு மடங்கு தவறு வரும். ஒரு நாள் ஆலய நிர்வாகிகள் இருவரின் பெயர்களை மாற்றிப் போட்டுவிட்டேன். ஒருவர் முகத்துக்குக் கீழே அவருடைய எதிரணிக்காரரின் பெயர். பத்தே நிமிடத்தில் தொலைபேசி. ஒளிபரப்பானதை மறுநாள் திருத்திச் சொன்னார்கள். சமூக ஊடகத்தில் போனதை உடனே நீக்கினோம். அதற்குள் யாரோ தரவிறக்கி ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றவிட்டிருந்தார்கள். முன்பெல்லாம் தவறு காற்றோடு போய்விடும் என்று அந்த மூத்தவர் சொன்னது எனக்கு ஆறுதலா, திட்டா என்று இன்றும் தெரியவில்லை.

ஒவ்வொரு செய்தியையும் இரண்டாகச் செய்ய வேண்டும். தொலைக்காட்சிக்கு அகலவாக்கில், கைப்பேசிக்கு உயரவாக்கில். உயரவாக்கில் ஓடுவதைப் பலர் ஒலியில்லாமல் பார்ப்பார்கள் என்பதால் சொல்வதையெல்லாம் எழுத்தாகவும் காட்ட வேண்டும். அதில் 'ஊழியர் சேமநிதி வாரியம்' என்று போட்டால் திரையின் பாதி நிறைந்துவிடும். ஜனங்கள் சொல்வதுபோல் 'ஈபிஎஃப்' என்று போட்டால் மூத்தவர்களுக்குக் கோபம் வரும். இந்தச் சண்டையில் நான் ஜனங்கள் பக்கம். ஆனால் பயிற்சி மாணவிக்கு ஓட்டு கிடையாது.

நாற்காலி விஷயத்துக்கு வருகிறேன். 2023இல் ஆஸ்ட்ரோ அவானி என்ற மலேசியச் செய்தி அலைவரிசை, செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய செய்தி வாசிப்பாளர்களைத் திரையில் காட்டியது. அந்தக் காணொளியை வகுப்பில் போட்டபோது, வாசிப்பாளர் ஆசையோடு வந்த எங்கள் நாலைந்து பேருக்கும் முகம் வாடியது. தொண்டை கட்டாது, விடுப்பு கேட்காது. பயிற்சிக் காலத்தில் ஒருநாள், யாரும் இல்லாத நேரத்தில் என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்து வாசிக்கச் சொன்னார்கள். விளக்கு சுட்டது. எதிரே வரிகள் நகர்ந்தன. வாசித்தேன், நன்றாகவே வாசித்தேன். ஆனால் அந்த வரிகளில் எதையும் நான் பார்த்ததில்லை, யாரோ பார்த்து எழுதியது. மங்கின் விளிம்பில் மைக்கை வைத்துவிட்டு அறுபது வரை எண்ணியபோது இருந்த படபடப்பு அங்கே வரவில்லை. பாட்டியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. உட்கார்ந்த படத்தை மட்டும் அனுப்பினேன்.

இறுதி மதிப்பீட்டுக்கு அத்தையின் தொகுப்பையே மறுபடி வெட்டிக் கொடுத்தேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி. அதில் என் குரல் முப்பத்தைந்து வினாடிகூட இல்லை. தேறினேன். விரிவுரையாளர் படத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கல்லூரியின் இணையப் பக்கத்தில் அதை ஏற்றினார்கள். ஊருக்கு வந்து அத்தையிடம் சொன்னேன்.

"எத்தனை மணிக்கு வரும்?" என்றார்.

"மணியெல்லாம் இல்லை, அத்தை. கைப்பேசியில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. நேரம் தெரியாமல் நான் யாரை எப்படிக் கூப்பிடுவது என்றார். சரி, எட்டு மணி என்றேன். எட்டு மணிக்கு அத்தை வீட்டுக் கூடத்தில் எங்கள் பாட்டியோடு ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேரன் கைப்பேசியைத் தொலைக்காட்சியோடு இணைத்தான். ஓடி முடிந்தது. இன்னொரு முறை போடச் சொன்னார்கள். மூன்றாம் முறை ஓடும்போது, பால் சொட்டுகிற இடத்தில், "வாளி பழையதாக இருக்கிறதே, புதியதை எடுத்துக்கொண்டு போயிருப்பேனே, நீ சொல்லவே இல்லையே" என்று அத்தை என் தோளில் ஓர் அடி வைத்தார்.