சீகேமில் கேட்ட மூன்று நாள்

வேதபாட வகுப்பில் நாமெல்லாம் மனனம் செய்து ஒப்புவித்த வசனம் ஒன்று உண்டு: “ஆலோசனையில்லாத இடத்தில் ஜனங்கள் விழுந்துபோவார்கள், அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்” (நீதிமொழிகள் 11:14). மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இன்று நம்மில் பலர் சபைக் கமிட்டியிலும் சங்க நிர்வாகத்திலும் முடிவெடுக்கும் இடத்தில் இருக்கிறோம். அந்த வகுப்பின் கதைகளை இப்போது புரட்டினால் ஒன்று உறைக்கிறது: சறுக்கிய தலைவர்களில் பலர் ஆலோசனை கேட்டுவிட்டுத்தான் சறுக்கினார்கள்.

சாலொமோன் ராஜாவின் மகனும் அவனுக்குப்பின் பட்டத்துக்கு வந்தவனுமான ரெகொபெயாமை எடுத்துக்கொள்வோம் (1 இராஜாக்கள் 12). தகப்பன் சுமத்திய நுகத்தை, அதாவது கடினமான வேலைச் சுமையை, இலகுவாக்கும்படி சீகேம் என்ற ஊரில் ஜனங்கள் கேட்டபோது மூன்று நாள் தவணை சொன்னான். நல்ல காரியம்தான். சாலொமோனுக்கு முன்பாக நின்ற முதியோரிடம் முதலில் கேட்டதும் சரி. இன்று நீர் இவர்களுக்குச் சேவகரானால் எந்நாளும் இவர்கள் உமக்கு ஊழியராயிருப்பார்கள் என்றார்கள் அவர்கள். எட்டாம் வசனத்தை மெதுவாக வாசியுங்கள். அந்த யோசனையைத் தள்ளிவிட்ட பிறகே தன்னோடு வளர்ந்த வாலிபரிடம் போகிறான். எபிரேய மூலத்தில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. முதியோரிடம் கேட்டபோது இல்லாத ‘நாம்’ வாலிபரிடம் கேட்கும்போது வந்துவிடுகிறது: நாம் என்ன மறுமொழி சொல்லலாம்? அவனுக்குத் தேவைப்பட்டது ஆமோதிப்பு. ‘என் தகப்பன் சவுக்குகளால் தண்டித்தார், நான் தேள்களால் தண்டிப்பேன் என்று சொல்லும்’ என்ற யோசனை கிடைத்தது, அதையே ஜனங்களிடம் சொன்னான். பத்துக் கோத்திரங்கள் அவனை விட்டுப் பிரிந்து போயின. அதற்குப் பிறகும் நிலைமை புரியாமல், கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமையே அந்த ஜனங்களிடம் அனுப்பினான். அவனைக் கல்லெறிந்து கொன்றார்கள்.

இளையவர் யோசனை கூடாது என்று இந்தக் கதைக்குப் பொருள் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வாலிபர் அரண்மனையில் ராஜாவுக்கு முன் நிற்பவர்கள், நுகத்தைச் சுமந்தவர்கள் அல்ல. முடிவின் பாரம் யார் தோளில் விழுமோ அவரை விட்டுவிட்டு எத்தனை பேரைக் கேட்டாலும் ஒன்றுதான். யுத்தத்துக்குப் போகலாமா என்று இஸ்ரவேலின் ராஜா ஆகாப் கேட்டது ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகளை (1 இராஜாக்கள் 22). எல்லாரும் ஒரே குரலில் ‘போம்’ என்றபோது அவனோடு போகவிருந்த யூதாவின் ராஜா யோசபாத்துக்குத்தான் சந்தேகம் வந்தது. இன்னொருவர் இல்லையா என்றார். மிகாயா என்ற தீர்க்கதரிசி வந்து, தோல்விதான் என்று உள்ளதைச் சொன்னார், சிறைக்குப் போனார். ஒரு கூட்டத்தில் எதிர்க்குரலே எழவில்லையென்றால், அங்கே பேசாமல் இருப்பவரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். தலைவர் தம் கருத்தைக் கடைசியில் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

நல்ல ஆலோசகருக்கு உதாரணமாக மோசேயின் மாமனார் எத்திரோ போதும் (யாத்திராகமம் 18). காலைமுதல் சாயங்காலம்வரை மோசேக்கு முன் ஜனங்கள் வழக்குகளோடு காத்து நிற்பதை முழுநாளும் பார்த்தார். பிறகுதான் கேட்டார்: நீர் மாத்திரம் ஏன் உட்கார்ந்திருக்கிறீர்? ஆயிரம், நூறு, ஐம்பது, பத்து பேருக்குத் தலைவர்களை வைக்கச் சொன்னார். அவர்களுக்கு நாலு தகுதிகள்: திறமை, தேவபயம், உண்மை, பொருளாசையை வெறுத்தல். தேவன் இப்படிக் கட்டளையிட்டால் என்றும் சேர்த்துக்கொண்டார். யோசனை சொல்லிவிட்டுத் தம் தேசத்துக்குப் போய்விட்டார். பதவி எதுவும் கேட்கவில்லை.

வகுப்பில் வேகமாகக் கடந்துபோன பகுதி 1 நாளாகமம் 13. தேவனுடைய கட்டளைப் பலகைகள் இருந்த உடன்படிக்கைப் பெட்டியை எருசலேமுக்குக் கொண்டுவர தாவீது ராஜா ஆயிரம்பேர், நூறுபேர் தலைவர்கள் எல்லாரையும் கலந்தான். சபை முழுதும் சம்மதித்தது. ஆனாலும் வழியில் பெட்டியைப் பிடிக்கக் கை நீட்டிய ஊசா செத்தான். ‘கொண்டுவருவோமா’ என்று கேட்டார்களே தவிர, ‘எப்படி’ என்று, அதைச் சுமக்கும் பொறுப்புள்ள லேவியரை யாரும் கேட்கவில்லை. முன்பு பெட்டியைக் கைப்பற்றித் திருப்பி அனுப்பிய பெலிஸ்தர் செய்ததுபோலவே புது இரதத்தில் ஏற்றினார்கள். மூன்று மாதம் கழித்து, லேவியர் அதைத் தோள்மேல் சுமந்து வந்தார்கள். தண்டுகளைப் பாய்ச்சுவதற்கென்றே நாலு பொன் வளையங்கள் அந்தப் பெட்டியில் ஆதிமுதல் இருந்தன.