கோயில் ரசீது இல்லாத திருமணத்தைப் பதிவு செய்ய மூன்று நடை

எங்கள் திருமணப் பதிவுச் சான்றிதழ் சென்ற வாரம்தான் கைக்கு வந்தது. ஒரே நாளில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு நானும் கணவரும் மூன்று முறை விடுப்பு எடுத்தோம். சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டு பதிவுக்குப் போகிறவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்று எழுதுகிறேன்.

இணையவழி விண்ணப்பத்திலும் கட்டணத்திலும் சிக்கல் இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு நேரில் போன முதல் நாள், எழுத்தர் எங்கள் தாள்களைப் புரட்டிவிட்டு, "எந்தக் கோயில்?" என்றார். என் பெற்றோர் வீட்டு முற்றத்தில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தலைமையில், நாற்பது பேர் முன்னிலையில் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொண்டோம் என்றேன். "அப்போ மண்டப ரசீதாவது வேணும். தாலி கட்டுற போட்டோ எங்கே?" என்று கேட்டு, விண்ணப்பத்தைத் திருப்பித் தந்துவிட்டார். அன்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

பதில் சட்டத்திலேயே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி, உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னாலே போதும். அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ளலாம். அல்லது தாலி கட்டலாம். இவற்றுள் ஏதேனும் ஒன்று நடந்தால் திருமணம் செல்லும். புரோகிதர் தேவையில்லை. பொது அறிவிப்போ ஊரறிந்த விழாவோகூடக் கட்டாயமில்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியிருக்கிறது.

இந்தப் பிரிவை அச்செடுத்துக்கொண்டு இரண்டாம் முறை போனோம். இம்முறை அழைப்பிதழில் தடை வந்தது. "வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா" என்று அச்சிட்டிருந்தோம். "கல்யாணம்னு எங்கேயும் இல்லையே, ஒப்பந்தம்னுதானே இருக்கு?" என்றார் அதே எழுத்தர். என் தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டு அழைப்பிதழ்களில் இருக்கும் சொல் அது. சார்பதிவாளர் அன்று விடுப்பில் இருந்ததால் முறையிடவும் ஆளில்லை. இனி அச்சிடுகிறவர்கள் அந்தச் சொல்லோடு "திருமணம்" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் நடைக்குள் 84 நாள்கள் ஓடிவிட்டன. திருமணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிய வேண்டும்; தவறினால் கூடுதல் கட்டணத்தோடு மேலும் 60 நாள்கள்தான். அதனால் இம்முறை தலைமை தாங்கியவரிடமிருந்து நாள், நேரம், இடம் குறித்த கையொப்பமிட்ட கடிதம், மாலை மாற்றும்போது இருவர் முகமும் தெளிவாகத் தெரியும் படம், 7-ஏ பிரிவின் நகல் ஆகியவற்றோடு, சாட்சியாக என் அம்மாச்சியையும் அழைத்துப் போனேன்.

அம்மாச்சிக்கு 82 வயது. அவருக்கும் தாத்தாவுக்கும் 1960-இல் இதே முறையில்தான் திருமணம். சடங்கில்லாத இத்தகைய திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953-இலேயே கூறியிருந்தது. மனைவி என்ற உரிமையும் பிள்ளைகளின் சொத்துரிமையும் கேள்விக்குறியாகும் என்று தெரிந்தும் ஊர் ஊராக மக்கள் அப்படியே மணந்துகொண்டார்கள். 1928-இல் தொடங்கிய அந்தப் பழக்கத்தை, அண்ணா முதலமைச்சரான பிறகு 1967-இல் சட்டமன்றம் இந்த 7-ஏ பிரிவைச் சேர்க்கும் சட்டத்தின் மூலம் ஏற்றது. 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அச்சட்டம் முன்பு நடந்த திருமணங்களுக்கும் செல்லுபடித்தன்மை அளித்தது. மக்கள் நாற்பதாண்டு வாழ்ந்து காட்டியதைத்தான் சட்டம் எழுதிக்கொண்டது என்பது என் உறுதியான கருத்து.

நேராகச் சார்பதிவாளரிடம் போனோம். அவர் நகலையும் கடிதத்தையும் படித்துவிட்டு, எழுத்தரை அழைத்து, "இது போதும், பதியுங்க" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் வைத்திருந்த படிவத்தில் "கோயில் / மண்டபம்" என்றிருந்த இடத்தில் எழுத்தர் பேனாவால் கோடிழுத்து, மேலே "மணமகள் இல்லம்" என்று எழுதினார். அம்மாச்சி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்த வரியை வாய்விட்டுப் படித்தார். பிறகு சாட்சிக் கட்டத்தில், முழுப் பெயரையும் ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதிக் கையெழுத்திட்டார்.