சி3 ஏறும் வரை

என் மகனுக்கு ஏழு வயது. போன ஐப்பசி மழையில் அவனுக்கு விரல் இடுக்கில் அரிப்பு தொடங்கியது. சொறிந்து சொறிந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் சீழ் வைத்த சிரங்காகிவிட்டது. கொரடாச்சேரி பக்கம் எங்கள் தெருவில் நாலைந்து பிள்ளைகளுக்கு அப்போது இருந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம், மருந்துக்கடையில் ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம். பதினைந்து நாளில் பொருக்கு உதிர்ந்து தழும்பு மட்டும் நின்றது. அதோடு மறந்துவிட்டோம்.

கார்த்திகை பாதியில், காலையில் எழுந்தால் அவன் இமை இரண்டும் உப்பியிருந்தன. மத்தியானத்துக்குள் வடிந்துவிடும். "பேரனுக்கு இப்பதான் கன்னத்துல சதை வச்சிருக்கு" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். பக்கத்தில் ஒரு இடத்தில் காட்டினோம். அலர்ஜி என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாள் அதில் போயிற்று. மூன்றாம் நாள் கொல்லையில் சிமெண்ட் தரையில் அவன் ஒன்றுக்குப் போனதைப் பார்த்தேன். கடுங்காப்பி நிறம். அதுவும் கொஞ்சம்தான். "தலை வலிக்குதுப்பா" என்றான். கால்சட்டை எலாஸ்டிக் பதிந்த இடம் இடுப்பைச் சுற்றி வாய்க்கால் மாதிரி பள்ளமாக இருந்தது.

மச்சான் தஞ்சாவூரில் இருக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டு உடனே கார் பிடித்துக் கிளம்பினோம். நீடாமங்கலத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தது. அந்தக் காத்திருப்பில் பிள்ளை என் மடியில் வாந்தி எடுத்தான். அன்றைக்கு அந்த கேட் திறக்க ஒரு யுகம் ஆனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முகத்தைப் பார்த்ததோடு சரி, அடுத்து அவன் காலைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தத் தழும்பு எப்ப வந்ததுங்க?" நான் ஐப்பசி என்றதும் விரல்விட்டு எண்ணினார். தொண்டைப் புண்ணுக்குப் பிறகு என்றால் ஒன்றிலிருந்து மூன்று வாரம், தோல் புண்ணுக்குப் பிறகு என்றால் மூன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து சிறுநீரகத்தைத் தாக்குகிற வியாதி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வருவது என்றார். ரத்த அழுத்தம் 140/96. ஏழு வயதுக்கு அது மிக அதிகம். தலைவலிக்கும் வாந்திக்கும் அதுதான் காரணம், அப்படியே விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கலாம் என்றார். உடனே சேர்த்துக்கொண்டார்கள்.

ரத்தம் எடுத்த சீட்டில் சி3, சி4 என்று இரண்டு எழுதியிருந்தது. மூன்றாம் நாள் வந்த முடிவில் சி3 வெறும் 24. பக்கத்திலேயே 90 முதல் 180 வரை இருக்க வேண்டும் என்று அச்சடித்திருந்தது. சி4 சரியான அளவில் இருந்தது. ஒன்று அதலபாதாளத்தில், இன்னொன்று நல்லபடியாக. அது எப்படி என்று கேட்டேன். டாக்டரம்மா அவசரப்படாமல் நின்று சொன்னார்.

ரத்தத்தில் காம்ப்ளிமென்ட் என்று முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்கள் கொண்ட ஒரு கூட்டம் இருக்கிறது. பெரும்பாலும் கல்லீரல்தான் செய்து அனுப்புகிறது. கிருமி வந்தால் ஒன்று அடுத்ததை முடுக்கும், அது அதற்கடுத்ததை முடுக்கும். கடைசியில் கிருமியின் மேல் ஓட்டை போட்டுவிடும். இது தொடங்குவதற்கு மூன்று வழிகள் உண்டு. மூன்றும் வந்து சேருகிற இடம் சி3 என்கிற புரதம். சி4-ம் அந்தக் கூட்டத்தில் ஒன்றுதான்.

நான் விவசாயி. எனக்கு அது தண்ணீராகத்தான் புரிந்தது. மூன்று வாய்க்கால் வந்து ஒரு தலைமடையில் சேருகிறது. அதில் இரண்டு வாய்க்கால் சி4 என்கிற ஷட்டரைத் தாண்டித்தான் வர வேண்டும். மூன்றாவதில் அந்த ஷட்டரே கிடையாது. சி4 குறையாமல் சி3 மட்டும் வற்றியிருந்தால், தண்ணீர் முழுக்க அந்த மூன்றாவது வாய்க்காலில் ஓடுகிறது என்று அர்த்தம். லூபஸ் மாதிரி, எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற வியாதியில் இரண்டும் சேர்ந்து இறங்கும், அதனால்தான் இரண்டையும் பார்க்கிறோம் என்றார். என் மகனுக்குச் சி3 உற்பத்தி நின்றுவிடவில்லை. கிருமியின் மிச்சமும் அதற்கு எதிராக உடம்பு செய்த எதிர்ப்புப் பொருளும் சிறுநீரகத்தின் சல்லடையில் போய்த் தங்க, அங்கே சண்டை மூண்டு, வரத்தைவிடச் செலவு அதிகமாகிவிட்டது.

ராத்திரி வார்டில் உட்கார்ந்து போனில் படித்தேன். ரத்தத்தில் உள்ள இந்தப் பொருளைக் கொஞ்சம் சூடுபடுத்தினாலே கெட்டுப்போகும் என்று காட்டியவர்களில் ஒருவர் ஜூல்ஸ் போர்டே என்ற பெல்ஜியக்காரர். எதிர்ப்பு சக்தி பற்றிய ஆய்வுகளுக்காக 1919-க்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. எதிர்ப்புப் பொருளின் வேலையைக் கூட நின்று முடித்துவைப்பது என்பதால் பால் எர்லிக் என்ற ஜெர்மன் விஞ்ஞானி அதற்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயர் வைத்தார். காக்க வந்தது பிள்ளையின் சிறுநீரகத்தையே அடிக்கிறதே என்று எனக்கு ஆறவில்லை.

சிகிச்சை பெரிதாக ஒன்றுமில்லை. நீர் பிரிய ஊசி, அழுத்தத்துக்கு மாத்திரை, மிச்சக் கிருமிக்குப் பெனிசிலின். மற்றதெல்லாம் அளப்பதுதான். கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையில் ஒவ்வொரு முறையும் சிறுநீரைப் பிடித்து, மணியோடு எழுத வேண்டும். முதல் நாள் முழுக்க 250 மில்லி. நேற்று எவ்வளவு போனானோ அதோடு 300 மில்லி சேர்த்துத்தான் இன்றைக்குக் குடிக்கத் தர வேண்டும், பால், ரசம் எல்லாம் அந்தக் கணக்கில். இளநீர் கேட்டு அழுதான். பொட்டாசியம் ஏறிவிடும் என்று கண்டிப்பாக மறுத்துவிட்டார்கள். உப்பில்லாச் சோற்றை என் மனைவி ஊட்ட, அவன் வாயிலேயே அடக்கிவைத்திருப்பான். நாலாம் நாள் குவளை நிறைந்தது, மறுபடி நிறைந்தது. மொத்தம் 1,400 மில்லி. அந்தக் குவளையைக் கையில் பிடித்துக்கொண்டு நர்ஸிடம் காட்ட நான் ஓடியே போனேன். 23.2 கிலோவாக வந்தவன் எட்டாம் நாள் 20.8 கிலோவாக வீடு திரும்பினான். அவ்வளவும் நீர்.

இனிமேல்தான் நான் சொல்ல வந்தது. போகும்போது டாக்டரம்மா, "எட்டு வாரம் கழிச்சு சி3 திரும்பப் பார்க்கணும், மறந்துடாதீங்க" என்றார். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. முகம் வடிந்துவிட்டது, பிள்ளை தெருவில் சைக்கிள் விடுகிறான், எதற்கு மறுபடி ஊசி என்று அம்மா சண்டை. செலவு வேறு. ஆனால் அவர் காரணமும் சொல்லியிருந்தார். இந்த வியாதி என்றால் சி3 ஆறிலிருந்து எட்டு வாரத்தில் தானாக ஏறிவிட வேண்டும். மாதங்கள் கடந்தும் ஏறவில்லை என்றால், அந்த மூன்றாவது வாய்க்காலை அடைக்கிற பலகையே பழுதாகி, சி3 ஓயாமல் செலவாகிற வேறு வியாதியாக இருக்கலாம். தொடக்கத்தில் இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். அதை ஊசி வைத்துச் சிறுநீரகத் துணுக்கு எடுத்துத்தான் உறுதி செய்வார்கள். அது தானாக ஆறுவதல்ல. முகத்தைப் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

அந்த எட்டு வாரம் நான் சரியாகத் தூங்கவில்லை. தினமும் காலையில் முதல் சிறுநீரை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, வாசல் வெளிச்சத்தில் பார்ப்பேன். காப்பி, டீ, அப்புறம் லேசான மஞ்சள். பொங்கல் அன்றைக்கு வெண்பொங்கலை அவனுக்கு மட்டும் உப்பு குறைத்துத் தனியாக எடுத்தோம்.

தை கடைசியில் தஞ்சாவூர் போய் ரத்தம் கொடுத்தோம். மறுநாள் சாயங்காலம் வயலில் இருக்கும்போது மச்சான் போன் செய்தார். "112 மாப்ள." வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சிறுநீரில் இன்னும் கண்ணுக்குத் தெரியாத சிவப்பணுக்கள் இருக்கின்றன. அது ஒரு வருடம் வரைகூட நீடிக்கலாம், அழுத்தம் சரியாக இருந்தால் பயமில்லை என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போகிறோம்.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்ணின் விரல் இடுக்கில் அதே அரிப்பு. களிம்போடு விடாதீர்கள் என்று அவள் அப்பாவிடம் சொல்லி, நானே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். வீட்டில் ஆறு பேருக்கும் சேர்த்து மருந்து கொடுத்தார்கள், ராத்திரி கழுத்திலிருந்து பாதம் வரை பூசிக் காலையில் குளிக்க. பாய், தலையணை உறை, துணிமணி எல்லாம் அன்றைக்கு வெட்டாற்றங்கரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.