ஸ்விட்சில் ஓர் அடுப்படி: ஆடி நோம்பி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 1, 2025, வெள்ளி

ஆடி நோம்பிக்கு (ஆடிப் பண்டிகைக்கு) கோபிசெட்டிப்பாளையத்துக்கு வந்தாச்சு. பஸ் அன்னூர் தாண்டியதும் ஸ்விட்சை (கையில் வைத்து விளையாடுகிற நிண்டெண்டோ கருவி) எடுத்து ‘வெண்பா’வை மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தேன். 2023 ஜூலையில் வந்த விளையாட்டு, டொராண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. 1988இல் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம்: வெண்பா, அவள் கணவன் பாவலன், அப்புறம் பிறக்கிற பையன் கவின். மொத்தமே ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நிறையப் பேர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயம்புத்தூரில் ஏறி வீடு வந்து சேர்வதற்குள் ஒரு குடும்பத்தின் முப்பது வருடத்தைப் பார்த்துவிடலாம் என்றால் அது பெரிய விஷயம்.

இதில் சமைப்பது என்றால் வேகமாகப் பட்டனைத் தட்டுவது இல்லை. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் நோட்டு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது, பாதி வரி அழிந்துவிட்டது. மீதி என்னவாக இருக்கும் என்று நாம்தான் யோசிக்க வேண்டும். முதல் புதிர் இட்லி. தட்டுகளை நேருக்கு நேர் அடுக்கினால் மேல்தட்டின் குழி கீழே இருக்கும் இட்லியை நசுக்கிவிடும், அதனால் திருப்பி மாற்றி அடுக்கணும். சின்ன வயதில் இருந்து வீட்டில் பார்க்கிற வேலைதான், ஆனால் எதற்கு அப்படி அடுக்குகிறோம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு விளையாட்டு என்னை அதைக் கேட்க வைக்கிறது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விளையாட்டு விருதுகளில் முதல் படைப்புக்கான விருது இதற்குத்தான் கிடைத்தது, கொடுத்தவர்கள் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

மத்தியானம் அரிசிம்பருப்பு சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தேன். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்ன கண்ணு அதுல அடுப்பெல்லாம் தெரியுது” என்று கேட்டார். புட்டுக் கட்டம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் வருவதை எல்லாம் படித்துச் சொன்னேன். மாவை அள்ளிக் குழாயில் போடப் போனதும் என் கையைப் பிடித்துவிட்டார். “அடியில சில்லு போடாம மாவப் போட்டா அத்தனையும் தண்ணிக்குள்ள போயிரும் சாமி.” விளையாட்டும் அதையேதான் எதிர்பார்க்கிறது: முதலில் ஓட்டை போட்ட சில்லு, அப்புறம் தேங்காய்ப்பூவும் மாவும் மாற்றி மாற்றி. நோட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மிச்சி அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. சமையலைவிடக் கதைதான் அவரைப் பிடித்துக்கொண்டது. கவின் வளர்ந்து, வீட்டில் அம்மா பேசுகிற தமிழுக்கு இங்கிலீஷில் பதில் சொல்லத் தொடங்குவதும், பையன் வருவான் என்று வெண்பா பலகாரமும் குழம்புமாக ஒரு முழு விருந்தே சமைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பதும் வரும்போது அம்மிச்சி ஒன்றுமே பேசவில்லை. பெரிய மாமா துபாயில் இருந்த காலத்தை நினைத்திருப்பார் என்று நினைக்கிறேன். நானும் கேட்கவில்லை.

சாயங்காலம் தம்பி அவனுடைய பழைய டிஎஸ்ஸை, அதுவும் நிண்டெண்டோ விளையாட்டுக் கருவிதான், தேடி எடுத்து வந்தான், உள்ளே ‘குக்கிங் மாமா’. 2006இல் வந்தது, தொடுதிரையில் ஒரு சின்னக் குச்சியை வைத்து வெட்டுவது, கிளறுவது, உரிப்பது. சூடு ஆற மைக்கில் நிஜமாகவே ஊதணும்! குழந்தைகள் இன்றைக்கும் விழுந்து விழுந்து விளையாடுகிறார்கள். ஆனால் இதில் வெங்காயம் வெட்டுவதும் கேரட் வெட்டுவதும் ஒன்றுதான், கோடு போட்ட இடத்தில் இழுத்தால் தங்கப் பதக்கம். கைக்கு வேலை இருக்கிறது, யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காலையில் பவானி கூடுதுறை, நல்ல கூட்டம், காவிரியில் தண்ணீரைப் பார்த்தாலே மனசு நிறைந்துவிடுகிறது. கட்டிக்கொண்டு போன புளிசாதமும் எலுமிச்சம்பழச் சாதமும் பத்து மணிக்கே தீர்ந்தது. திரும்பி வந்து பிள்ளைகள் எல்லாம் புளியமரத்துத் தூரியில் (ஊஞ்சலில்).

ராத்திரி ‘ஓவர்குக்டு 2’. நாலு பேர் வரை ஒன்றாக விளையாடலாம் என்பதால் டிவியில் மாட்டிவிட்டோம். ஒருத்தர் நறுக்க, ஒருத்தர் அடுப்பைப் பார்க்க, ஒருத்தர் தட்டுக் கழுவ, ஆர்டர் வந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்டால் அடுப்பு தீப்பிடித்துப் பக்கத்து மேடைக்கும் பரவும். நறுக்கியதைத் தூக்கித் தூர நிற்பவருக்கு வீசலாம், இது இரண்டாம் பாகத்தில் புதிதாக வந்தது. நாலு வாண்டுகளும் மாற்றி மாற்றிக் கத்தினார்கள். கல்யாண வீட்டுச் சமையல்கட்டில் மாமா பந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் போடுகிற சத்தம் அப்படியே இருந்தது. சமையல் கூட்டுவேலை என்பதை இந்த விளையாட்டு நன்றாகப் பிடித்திருக்கிறது. என்ன சமைக்கிறோம் என்பதில்தான் அதற்கு அக்கறை இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்றைக்குச் சந்தகை, இடியாப்பம் மாதிரி நூல் நூலாகப் பிழிகிற எங்கள் கொங்குப் பக்கத்துப் பலகாரம். காலையில் இருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

புழுங்கலரிசியை ஊறவைத்து, உளுந்து சேர்க்காமல் நைசாக ஆட்டி, உப்புப் போட்டுப் புளிக்க விடாமல் அன்றைக்கே இட்லியாக ஊற்றி எடுக்கணும். வெந்த இட்லியைச் சூட்டோடு அச்சில் போட்டுப் பிழியணும். ஆறிவிட்டால் இறுகிவிடும், கைப்பிடியில் தொங்கினாலும் இறங்காது. எங்கள் வீட்டு அச்சு முக்காலி மாதிரி நிற்கிற இரும்பு அச்சு. ஒருத்தர் மேலே கைப்பிடியைச் சுற்றணும், இன்னொருத்தர் காலை ஆடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே கீழே தட்டைத் திருப்பணும், இல்லாவிட்டால் நூலெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிடும். அம்மிச்சி தட்டுப் பிடிக்க நான் சுற்றினேன். “மெல்லச் சுத்து கண்ணு, நின்னு நின்னு சுத்துனா நூலு அந்துரும்” என்றார். “சரிங்க அம்மிச்சி” என்று ஒரே சீராகச் சுற்றினேன்.

அப்போதுதான் தோன்றியது. ஸ்விட்சின் இரண்டு பக்கத்திலும் இருக்கிற ஜாய்கான் கன்ட்ரோலரைக் கழற்றினால் ஆளுக்கு ஒன்று. அசைவை உணர்கிற சென்சார் அதற்குள்ளேயே இருக்கிறது. ஒருத்தர் கையில் இருப்பதைக் கைப்பிடியாக நினைத்துச் சுற்றட்டும், இன்னொருத்தர் தட்டைத் திருப்பட்டும். இரண்டு பேரின் வேகமும் ஒத்துப்போனால் நூல் அறாமல் வட்டமாக விழும். எதிரி வேண்டாம், ஆர்டர் வேண்டாம், இட்லியின் சூடு ஒன்றே போதும். கொங்குச் சமையலில் இப்படி ஒரு விளையாட்டு ஒளிந்திருக்கிறது, அதை யாராவது செய்தே ஆகணும் என்று மனசார நினைக்கிறேன். ‘வெண்பா’வைச் செய்தவர்கள் இட்லிப் பானையை உலகத்துக்கே விளக்கிவிட்டார்கள், அச்சை விளக்க முடியாதா?

சாப்பிட்டது: ஒரு தட்டில் தேங்காய்ப்பாலும் நாட்டுச் சர்க்கரையும், இன்னொன்றில் கோழிக் குழம்பு. வேறு என்ன வேணும்.

ஆகஸ்ட் 9, சனி

கோயம்புத்தூர் திரும்பியாச்சு. தம்பி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான், அவனிடம் விஷயத்தைச் சொன்னதும் ராத்திரி முழுக்கப் பேப்பரில் கட்டம் கட்டமாக வரைந்து அனுப்பியிருக்கிறான். படம் அழகாக இருக்கிறது. ஆனால் மேல் மூலையில் ஒரு கடிகாரம் போட்டு வைத்திருந்தான், இத்தனை நொடிக்குள் பிழியணும் என்று. அதை எடுக்கச் சொல்லிவிட்டேன். அடுப்படியில் அம்மிச்சி கடிகாரம் பார்த்து நான் பார்த்ததில்லை. இட்லியில் இருந்து எழும்புகிற ஆவியைக் காட்டு, அது மெலிய மெலியக் கைப்பிடி கனமாகட்டும், ஜாய்கானில்தான் அதிர்வு இருக்கிறதே, விளையாடுகிறவருக்குக் கையிலேயே தெரிந்துவிடும் என்றேன். ரொம்ப நேரம் வாக்குவாதம் பண்ணினான். புதிதாக விளையாடுகிறவருக்கு எப்படிப் புரியும் என்பது அவன் கேள்வி, நியாயமான கேள்விதான். முதல் ஈடு ஆறிப்போகட்டும், அச்சு இறங்காமல் நிற்கட்டும், அடுத்த ஈட்டில் தானாகப் புரியும் என்பது என் பதில்.

கடைசியில் ஆவிக்கே ஒத்துக்கொண்டான். தேங்காய்ப்பால் கட்டம்தான் இன்னும் முடிவாகவில்லை. கெட்டியான முதல் பாலைக் கொதிக்க விடக்கூடாது, திரிந்துவிடும். இரண்டாம் பாலில் சர்க்கரையைக் கரைத்துச் சூடாக்கி இறக்கிய பிறகு முதல் பாலைச் சேர்க்கணும். இந்த வரிசையை எழுதிக் காட்டாமல் எப்படிக் காட்டுவது என்று அம்மிச்சிக்குப் போன் போட்டுக் கேட்கப் போகிறேன்.