வன்னி வெக்கைக்கு டிரெக்ட் டிரைவ்தான்: பழைய டெக்னிக்ஸ் ஒன்றைத் திருத்தி ஓடவிட்ட கதை

பழைய றெக்கோட் பிளேயர் ஒன்று வாங்க ஆசைப்படுகிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு முதலே சொல்லிவிடுகிறேன், பெல்ட் போட்ட சாமான் வேண்டாம், டிரெக்ட் டிரைவாகத் தேடி எடுங்கள். பெல்ட்தான் இனிமை, மோட்டரின் அதிர்வு ஊசிக்கு ஏறாது என்று குளிர்நாடுகளில் இருப்பவர்கள் எழுதுவதை நானும் வாசித்திருக்கிறேன். எழுதட்டும். விசுவமடுவில் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு ரப்பர் பெல்ட் கிடந்து என்ன பாடுபடும் என்று அவர்களுக்குத் தெரியாது. முதலில் இழுபடும், பிறகு கறுப்புப் பிசின் மாதிரி உருகி மோட்டர்ச் சில்லில் ஒட்டிக்கொள்ளும், கையில் பட்டால் சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாது. மாற்றுப் பெல்ட் தேடிக் கிளிநொச்சி, யாழ்ப்பாணம் என்று அலைந்து கடைசியில் கொழும்பில் கிடைத்தாலும் அளவு ஒன்றாக வராது.

டிரெக்ட் டிரைவில் இந்தக் கரைச்சல் இல்லை. மோட்டரின் அச்சிலேயே சுழல்தட்டு இருக்கிறது; மோட்டரே நிமிடத்துக்கு 33⅓ சுற்று அல்லது 45 சுற்று என்று ஆறுதலாகச் சுற்றும். ஜப்பானின் மட்சுஷிட்டா கம்பனி டெக்னிக்ஸ் என்ற பெயரில் 1970இல் எஸ்பி-10 என்று முதலாவதை விற்பனைக்கு விட்டது, 1972இல் எஸ்எல்-1200 வந்தது, 1979இல் அதன் இரண்டாம் பதிப்பான எம்கே2 குவாட்ஸ் கட்டுப்பாட்டோடு, அதாவது குவாட்ஸ் பளிங்கின் சீரான அதிர்வை வைத்து வேகத்தைப் பிடிக்கிற ஏற்பாட்டோடு, வந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கச் செய்த பரம்பரை கடைசியில் உலகம் முழுக்க டிஜேக்களின் மேசையில் போய் நின்றது. 2010இல் உற்பத்தியை நிறுத்தி 2016இல் திரும்பவும் தொடங்கினார்கள். எம்கே2 சுவிச்சை அழுத்தி 0.7 செக்கனில் முழு வேகத்துக்கு வந்துவிடும். அருமையான சாமான், ஆனால் அது விற்கிற விலைக்கு நான் ஓடாத மோட்டார்சைக்கிளைத் திருத்தலாம்.

என்னிடம் இருப்பது அதன் ஏழைத் தம்பி, எஸ்எல்-டி2. அந்த வரிசையில் பி2 பெல்ட், டி2 டிரெக்ட், கியூ2 குவாட்ஸ் போட்ட டிரெக்ட். டி2இல் குவாட்ஸ் இல்லை, வெறும் செர்வோ, அதாவது வேகத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைக்கிற மின்சுற்று. 33க்கும் 45க்கும் வேகத்தைச் சரிசெய்ய முன்பக்கத்தில் தனித்தனியாகச் சின்னக் குமிழ் இருக்கிறது. ஜேர்மனியில் இருக்கிற மச்சான் தன் வீட்டு நிலவறையில் கிடந்ததைக் கப்பலில் பெட்டி போடும்போது சேர்த்து அனுப்பினார். அனுப்ப முதல் சுழல்தட்டைக் கழற்றி வேறாகச் சுற்றச் சொன்னேன், ஊசியைத் தாங்குகிற கையின் பின்பக்கத்துப் பாரத்தையும் கழற்றச் சொன்னேன், ஊசி பிடித்திருக்கிற ஹெட்ஷெல்லைப் பெட்டியில் போடாமல் ஆள் வரும்போது கொண்டுவரச் சொன்னேன். இந்த மூன்றையும் செய்யாமல் அனுப்பிய பிளேயர்கள் அச்சு அடிபட்டு வந்ததைப் பார்த்திருக்கிறேன். சுழல்தட்டு பாரமான சாமான், பெட்டி ஒருதரம் கீழே விழுந்தால் அது நேரே நடு அச்சைத்தான் போய் இடிக்கும்.

வந்த நேரம் வயல் வேலை. அதனால் மாரி முழுக்க அது களஞ்சிய அறையில் கிடந்தது. தை பிறந்த பிறகு எடுத்துப் பார்த்தால் கை ஓய்வெடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கை ஏறி இறங்குகிற ஓட்டைக்குள், குளவி மண்கூடு கட்டியிருந்தது. நல்ல வழுவழுப்பான கூடு, உள்ளே காய்ந்த சிலந்திகளை அடுக்கிவைத்திருந்தது. குத்திக் கிளறினால் மண் உள்ளே விழுந்து பொறிக்குள் போய்விடும், ஆகவே பிளேயரைத் தலைகீழாகப் பிடித்து, பெயின்ற் பிரஷை ஈரமாக்கி மெதுமெதுவாகக் கரைத்து வெளியே எடுத்தேன். பின்னேரம் முழுக்க அதிலேயே போய்விட்டது. வன்னியில் எந்த இலத்திரனியல் சாமான் வைத்திருந்தாலும் ஓட்டைகளை ரேப் ஒட்டி மூடிவையுங்கள். குளவிக்கும் சுவிச்சுக்குள் குடியேறுகிற சின்ன எறும்புக்கும் சோனியும் ஒன்றுதான், டெக்னிக்ஸும் ஒன்றுதான்.

கரண்ட் கொடுத்தவுடன் சுற்றியது. ஆனால் வேகம் நிலையில்லை. நாதஸ்வரம் போட்டால் வாசிக்கிறவர் கூடிக்கூடிக் குறைவது போல இருந்தது, திடீரென்று ஓடி ஏறி, பிறகு விழும். மோட்டர் போய்விட்டதென்று பயந்து கிளிநொச்சியில் றேடியோ திருத்துகிற அண்ணையிடம் கொண்டுபோனேன். அவர் மோட்டரைத் தொடவே இல்லை. அந்தச் சின்னக் குமிழை விரலால் இலேசாக ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார். ஆட்டின உடனே வேகம் பாய்ந்தது. “உதுக்குள்ள ஒண்டும் பழுதில்லைத் தம்பி, ஊத்தைதான்” என்றார்.

பழைய டிரெக்ட் டிரைவ்களில் வருகிற வேகக் கோளாறுகளில் பெரும்பாலானவை இதுதான். குமிழுக்குக் கீழே ஒரு கரித் தடமும் அதன்மேல் வழுக்குகிற ஓர் உலோக நாக்கும் இருக்கின்றன. நாற்பது வருடம் ஒரே இடத்தில் நின்றால் அந்த இடம் பாசி பிடித்த மாதிரி ஆகி, தொடுகை விட்டுவிட்டு வரும். செர்வோ பாவம், வேகத்தைக் கூட்டு, குறை என்று மாறிமாறிக் கட்டளை வந்தால் அதுவும் மாறிமாறித்தானே ஓடும். அடிப்பலகையைக் கழற்றி, தொடுகை துப்புரவாக்குகிற ஸ்பிரேயைக் குமிழின் பக்கத்து ஓட்டையால் கொஞ்சம் அடித்து, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் கை வலிக்கும்வரை திருப்பினோம். 33/45 மாற்றுகிற சுவிச்சுக்கும் அதே வைத்தியம். துருப்பிடித்த ஆணிக்கு அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயை இதற்கு அடிக்கவேண்டாம், அன்றைக்கு நன்றாக ஓடும், பிறகு தூசியை இழுத்துப் பிடித்து முன்னையைவிட மோசமாக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான் அடிப்பலகையைத் திறக்கவேண்டும் என்று சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன், டிரான்ஸ்போமர் இருக்கிற பக்கம் 230 வோல்ற் வெறுமையாக நிற்கிறது. கப்பாசிற்றர்களையும் மாற்றச் சொன்னேன். அண்ணை உப்பியிருந்ததை மட்டும் மாற்றினார், 105 பாகை வெப்பம் தாங்குகிற வகை போட்டார். மிச்சத்தை அளந்து பார்த்து விட்டுவிட்டார். நல்லாயிருக்கிறதை ஏன் கழற்றுவான் என்பது அவருடைய கொள்கை, எனக்கும் அது பிடித்திருக்கிறது.

இனி எனக்குப் பிடித்த பகுதி. சுழல்தட்டின் விளிம்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன, அவற்றுக்கு நேரே ஒரு செம்மஞ்சள் நியோன் விளக்கு. 50 ஹேட்ஸ் கரண்டில், அதாவது செக்கனுக்கு 50 அலை வருகிற கரண்டில், அலைக்கு இரண்டு தரமாக அது செக்கனுக்கு 100 தரம் மின்னும். 33⅓ வேகத்துக்கு விளிம்பில் 180 புள்ளி இருந்தால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு புள்ளி இடம்மாறி நிற்கும், கண்ணுக்கு எல்லாப் புள்ளியும் அசையாமல் நிற்கிற மாதிரித் தெரியும். முன்னுக்கு ஓடினால் வேகம் கூட, பின்னுக்கு ஓடினால் குறைவு. 60 ஹேட்ஸ் நாடுகளுக்கு வேறு வரிசை இருக்கிறது, அதைப் பார்த்துக் குழம்பக்கூடாது.

லைன் கரண்டில் சரிசெய்து புள்ளியை நிறுத்திவைத்தேன். ஓரிரவு கரண்ட் போய், வீட்டுச் சின்ன ஜெனரேற்றரைப் போட்டுவிட்டுப் பார்த்தால் புள்ளி பின்னுக்கு ஓடுகிறது! ஆனால் பாட்டில் ஒரு மாற்றமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் பிழை பிளேயரில் இல்லை. பாரம் இல்லாமல் ஓடுகிற சின்ன ஜெனரேற்றர் 52 ஹேட்ஸ் அளவில் கொடுக்கும், நியோன் அதைப் பார்த்து வேகமாக மின்னுகிறது, தட்டு தன் வேகத்திலேயே சுற்றுகிறது. ஏனென்றால் டிரெக்ட் டிரைவ் மோட்டருக்குப் போவது உள்ளே திருத்தியெடுத்த டீசி கரண்ட். வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கிற செர்வோ, வெளியில் வருகிற ஹேட்ஸ் இல்லை. அந்த நேரம் குமிழைத் திருப்பிப் புள்ளியை நிறுத்தினால் தட்டு நூற்றுக்கு நாலு பங்கு வேகமாகப் போய்ப் பாடகரின் குரலில் சுருதி ஏறிவிடும். எம்கே2 மாதிரிக் குவாட்ஸ் வகைகளில் விளக்கே குவாட்ஸில் இருந்துதான் மின்னும், அங்கே இந்தக் குழப்பம் இல்லை.

ஜெனரேற்றர் வீட்டுக்காரருக்கு நான் சொல்கிற வழி இது: றெக்கோட்டின் நடு லேபலில் ஒரு கடதாசித் துண்டை ஒட்டி, ஃபோன் கடிகாரத்தில் மூன்று நிமிடம் வைத்து எண்ணுங்கள். 33⅓ சரியென்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. 45 என்றால் 135. நியோனை நம்பத் தேவையில்லை. சோலர் இன்வேட்டரில் ஓட்டினால் ஹேட்ஸ் சரியாகத்தான் வரும், ஆனால் மலிவான சதுர அலை இன்வேட்டராக இருந்தால் டிரான்ஸ்போமர் உர்ர் என்று இரையும், அந்த இரைச்சல் ஸ்பீக்கரிலும் கேட்கும்.

இந்தக் கதையைப் பெரியப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அந்தக் காலத்தில் லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்டவர், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் ஊர்க் கலியாணங்களுக்கும் பெட்டி கட்டிக்கொண்டு திரிந்தவர். அப்போதைய பிளேயர்களில் ரப்பர்ச் சில்லு ஒன்று மோட்டரையும் தட்டையும் சேர்த்து உருட்டும், மோட்டர் நேரே ஏசி கரண்டில் ஓடும். “ஜெனரேற்றர் இளைச்சால் பாட்டும் இளைக்கும் மோனை, எண்ணெய் முடியப்போகுதெண்டு பாட்டைக் கேட்டே சொல்லிப்போடுவன்” என்றார். 1990களில் லைன் கரண்டே இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊரில், கரண்ட் எப்படி வந்தாலும் தன் வேகத்தை விடாத பிளேயர் என்றால் என்னவென்று அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அவருடைய றெக்கோட்கள் ஒன்றும் மிஞ்சவில்லை. 2009இல் யார்தான் றெக்கோட் தூக்கிக்கொண்டு ஓடினது.

அதனால் என்னிடம் இருப்பதெல்லாம் யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளில் இருந்தும் கொழும்புப் பழைய சாமான் கடைகளில் இருந்தும் வந்தவை, பெரும்பாலும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அடித்த நாய் படம் போட்ட எச்எம்வி தட்டுகள். கறையான் உறையைத் தின்னும், தட்டைத் தின்னாது. ஒரு கட்டில் பாதி உறைகள் மண்ணாகி, தட்டுகள் புதிது போல இருந்தன. பூஞ்சணம்தான் பெரிய பகை. பச்சைத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுகிற திரவம் விட்டு, பஞ்சால் பள்ளத்தின் வழியே துடைத்து, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கிறேன். நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றுகிற பழைய தட்டுகளுக்கு ஸ்பிரிட் கிட்டவும் கொண்டுபோகக்கூடாது, அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும். இந்தப் பிளேயரில் 78 வேகமும் இல்லை, அவற்றை ஆசைக்கு வைத்திருக்கிறேன்.

ஊசிக்கு ஓடியோ-டெக்னிக்கா விஎம்95ஈ போட்டிருக்கிறேன். 2 கிராம் பாரம். கையைச் சமநிலைக்குக் கொண்டுவந்து, பிறகு பின்பாரத்தை இரண்டுவரை திருப்புவது லேசான வேலை. ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வந்தது. ஹெட்ஷெல்லின் நாலு முனையையும் பென்சில் அழிறப்பரால் தேய்த்தவுடன் சரி. இரைச்சலுக்கு மண்கம்பி: பிளேயரின் மெல்லிய எர்த் வயரை அம்பிளிஃபயரின் எர்த் ஆணியில் இறுக்கினால் முக்கால்வாசி போய்விடும். மிச்சம் வீட்டு எர்த் பிழையால் வருவது. கோடையில் எங்கள் மண் காய்ந்து கிடக்கும்போது எர்த் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் வித்தியாசம் தெரிகிறது, நம்பாதவர்கள் செய்து பார்க்கலாம்.

அச்சுக்கு எண்ணெய் விடுவது பற்றி ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். தேங்காயெண்ணெய் விடு என்று பக்கத்து வீட்டு ஐயா சொன்னார், அது கொஞ்சக் காலத்தில் காறிப் பிசினாகும், வேண்டாம். எம்கே2இன் கையேட்டில் 2000 மணித்தியாலத்துக்கு ஒருதரம் இரண்டு மூன்று சொட்டு என்று இருக்கிறது. அந்தக் கணக்கே போதும், மெல்லிய தூய எண்ணெயாக இருந்தால் சரி. சுழல்தட்டைத் தூக்கும்போது கீழே இருக்கிற காந்த வளையத்தைக் கவனியுங்கள். இரும்புத்தூள், சின்ன ஆணி எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும், கராஜ் மேசையில் கவிழ்த்து வைக்கவேண்டாம்.

இப்போது வேகம் நிற்கிறது, சத்தம் சுத்தம். மிச்சமிருப்பது தானியங்கித் திருப்பம், பாட்டு முடிந்ததும் கை தானாக எழும்பித் திரும்பவேண்டும், எழும்புகிறது, பாதி வழியில் நின்றுவிடுகிறது. உள்ளே கிறீஸ் காய்ந்து மெழுகாகிவிட்டது என்று அண்ணை சொல்கிறார். நெல் வெட்டு முடிந்ததும் பல்லுச் சில்லுகளைக் கழற்றிப் பழைய கிறீஸை வழித்தெடுத்துவிட்டுப் புதியது பூச இருக்கிறோம். அதுவரை கையால்தான் தூக்கி வைக்கிறேன். மூடியின் பின்கீல் ஒன்று உடைந்திருக்கிறது, டி2 அல்லது கியூ2இன் கீல் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள், விலை பேசிக்கொள்ளலாம்.