இறக்கைக்குள் ஒரு விசிறி

செங்குத்தாக எழும் மின்விமானத்துக்கு விசிறி வடிவமைக்கிறேன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே பிளேடுக்குப் போய்விடுவார்கள். எத்தனை பிளேடு, எவ்வளவு ஆர்.பி.எம்., கார்பன் ஃபைபரா அலுமினியமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இறக்கையில் துளை போட்டு உள்ளே படுக்க வைத்த விசிறியில், இலட்சிய நிலையில் பாதித் தூக்குவிசை சுற்றாத பாகத்திலிருந்து வருகிறது. இந்த வேலைக்கு வந்த பிறகு என் நேரத்தில் பெரும்பகுதி அந்தச் சுற்றாத பாகத்துக்குத்தான் போயிருக்கிறது.

முதலில் கணக்கு. 100 கிலோ எடையை அந்தரத்தில் நிறுத்த, 1 மீட்டர் விட்டமுள்ள திறந்த விசிறிக்கு இழப்பே இல்லாத நிலையில்கூட சுமார் 23 கிலோவாட் வேண்டும். இது 35 டிகிரி வெயிலில், அதாவது சென்னையின் சாதாரணப் பகலில். விட்டத்தை அரை மீட்டராக்கினால் அதே எடைக்கு 46 கிலோவாட். விட்டம் பாதியானால் சக்தி இரட்டிப்பு. இதிலிருந்து யாரும் தப்ப முடியாது. பேட்டரியை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு இந்த 23 கிலோவாட் வித்தியாசம் பயணி ஒருவரின் இடத்தையே தின்றுவிடும்.

இங்கேதான் டக்ட், அதாவது விசிறியைச் சுற்றி நிற்கும் குழாய்ச் சுவர், உதவிக்கு வருகிறது. திறந்த விசிறிக்குக் கீழே காற்றுத்தாரை ஒடுங்கிக்கொண்டே போய்ப் பாதிப் பரப்புக்கு வந்துவிடும். சுற்றிலும் சுவர் இருந்தால் ஒடுங்காது. மேலே காற்று நுழையும் வாயின் உருண்ட விளிம்பை, நாங்கள் லிப் என்போம், தழுவி வளையும்போது காற்று வேகமெடுக்கிறது, அழுத்தம் விழுகிறது, விளிம்பே மேல்நோக்கி உறிஞ்சப்படுகிறது. இலட்சிய நிலையில் மொத்த விசையில் பாதி பிளேடுக்கு, பாதி டக்டுக்கு. அரை மீட்டர் விசிறியின் 46 கிலோவாட் சுமார் 32-க்கு இறங்கிவிடும். நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது, ஆனால் கிடைப்பதை விட்டுவிடவும் மனம் வராது.

சரி, லிப்பைப் பெரிதாக உருட்டிவிடலாமே என்றால் இறக்கை ஒத்துக்கொள்ளாது. 1.2 மீட்டர் அகல இறக்கைக்கு 15 சதவீதத் தடிமன் என்றால் மிகத் தடித்த இடத்திலேயே 18 சென்டிமீட்டர்தான். அதற்குள் லிப், பிளேடு, காற்றின் சுழற்சியை நேராக்கும் ஸ்டேட்டர், மோட்டார், அடியில் திசைதிருப்பும் பட்டைகள் எல்லாம் அடங்க வேண்டும். போதாக்குறைக்கு இறக்கையின் முதுகெலும்பான ஸ்பார் ஓட வேண்டிய இடத்தில்தான் நாங்கள் துளை கேட்கிறோம். ஸ்ட்ரக்சர் குழுவோடு நடக்கும் கூட்டங்களில் ஒவ்வொரு மில்லிமீட்டரும் பேரம்தான். இந்தப் பேரத்தில் எப்போதும் முதலில் காவு கேட்கப்படுவது லிப்பின் ஆரம். அதற்காக நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் மேலே சொன்ன கணக்கு.

லிப்பை வார்ப்பதற்கான அச்சை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஃபைபர் பட்டறையில் செய்தோம். பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டு முடித்த அச்சை மேஸ்திரி சோதித்த விதம் எனக்குப் புதிது. வெறுங்கையால் தொடவில்லை. பனியன் வேஸ்டை நான்காக மடித்து உள்ளங்கைக்கு அடியில் வைத்துக்கொண்டு வாயின் வளைவை வெளியிலிருந்து உள்ளே மெதுவாகத் தடவினார். துணி இருந்தால் தோலின் பிசுபிசுப்பு குறுக்கே வராது, மேடுபள்ளம் மட்டும் கைக்குத் தெரியும் என்றார். அப்புறம் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து நிழலைப் பார்த்தார். வளைவு முடிந்து நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தில் கை நின்றது.

“இங்க வளைவு சட்டுனு நின்னுடுது சார். கையில ஒரு தட்டு தெரியுது.”

“டிராயிங்ல அப்படித்தான்ணா இருக்கு. கால்வட்டம் முடிஞ்சு நேர்கோடு.”

“டிராயிங் சரி சார். காத்து டிராயிங்கயா பாக்கப்போவுது?”

கம்ப்யூட்டரில் ஓட்டிய காற்றோட்டக் கணக்கிலும் அதே இடத்தில் அழுத்தக் கோடு ஒரு சின்ன முடிச்சுப் போட்டிருந்தது. வட்டமும் நேர்கோடும் தொடும் இடத்தில் திசை மாறாது. ஆனால் வளைவின் அளவு ஒரே தாவலில் பூஜ்யமாகிறது. காற்றுக்கு அந்தத் தாவல் தெரியும். கால்வட்டத்துக்குப் பதில் நீள்வட்டக் கால்பகுதியைப் போட்டதும் அந்தத் தாவல் சிறுத்தது, அழுத்தக் கோட்டின் முடிச்சும் தளர்ந்தது. உயரம் ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை. திரையில் நிறக்கோடுகளாகப் பார்த்துக்கொண்டிருந்ததை ஒருவர் உள்ளங்கையால் சொன்னார் என்பதில் எனக்கு இன்றும் பெரிய மரியாதை. அவர் பெயர் எந்த அறிக்கையிலும் வராது. வர வேண்டும் என்பது என் கருத்து.

பிளேடு முனைக்கும் சுவருக்கும் நடுவே விடும் இடைவெளியும் இதே ரகம். சிறியதாக இருந்தால் நல்லது. ஆனால் மோட்டார் சூட்டிலும் இறக்கை வளைவதிலும் சுவர் கொஞ்சம் கோணும், பிளேடு உரசக்கூடாது. அது தனிக் கதை.

சோதனை மேடை கேளம்பாக்கம் பக்கம், திறந்த வெளியில். காலையில் காற்று அசங்காது. பாரிமுனையில் வாங்கிய கம்பளி நூலை விரல் நீளத்துக்கு வெட்டி லிப்பைச் சுற்றி வரிசையாக ஒட்டியிருந்தோம். விசிறியைப் போட்டதும் நூல்கள் எல்லாம் ஒரே ஒழுங்கில் விளிம்பைத் தழுவி உள்ளே வளையும். கோடையில் நண்பகலுக்குமேல் கடல்காற்று ஏறும். மற்ற சோதனைகளை அதற்குமுன் முடித்துக்கொள்ளப் பார்ப்போம். லிப் சோதனைக்கு மட்டும் அதற்காகவே காத்திருப்போம். விமானம் எழுந்து முன்னோக்கி நகரத் தொடங்கும்போது துளையின் குறுக்கே காற்று வீசும் அல்லவா, அதை இந்தக் கடல்காற்று இலவசமாகத் தருகிறது. முழு வேகத்தில் ஓடும் விசிறிக்கு அந்தக் காற்று ஒரு பொருட்டே இல்லை. வேகத்தைப் படிப்படியாகக் குறைப்போம்; குறுக்குக் காற்றுக்கும் கீழே பாயும் தாரைக்கும் உள்ள விகிதம்தான் முக்கியம். ஒரு கட்டத்தில் கிழக்கு ஓரத்து நூல்கள் மட்டும் நடுங்கும். பிறகு எழுந்து நிற்கும். பிறகு தலைகீழாகத் திரும்பும். அதே நேரம் விசிறியின் சீரான ஓசைக்குள் ஒரு கரகரப்பு சேரும்: விளிம்பை விட்டுப் பிய்ந்த கலங்கல் காற்றை ஒவ்வொரு பிளேடும் ஒவ்வொரு சுற்றிலும் வெட்டிக்கொண்டு போகிறது. தூக்குவிசையை அளக்கும் லோடு செல்லின் எண்ணும் நிலையில்லாமல் ஆடும்.

இதைவிடப் பெரிய தொல்லை இன்னொன்று. 100 கிலோ தூக்கும் அந்த அரை மீட்டர் விசிறி நொடிக்குச் சுமார் 15 கிலோ காற்றை விழுங்குகிறது. விமானம் நொடிக்கு 20 மீட்டரில் போகிறது என்றால், அந்தக் காற்று முழுவதையும் முதலில் விமானத்தின் வேகத்துக்கு இழுத்துப் பிறகுதான் கீழே தள்ள முடியும். அதற்கான பின்னிழுப்பு சுமார் 30 கிலோ. தூக்கும் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கம். விசிறியை 1 மீட்டராக்கினால் விழுங்கும் காற்று இரட்டிப்பாகிறது, பின்னிழுப்பும் 60 கிலோவாகிறது. அந்தரத்தில் நிற்கும்போது பெரிய துளை வேண்டும். நகரத் தொடங்கியதும் சிறிய துளை வேண்டும். கூடவே முன் விளிம்பில் உறிஞ்சல் கூடுவதால் மூக்கு மேலே தூக்கும்.

இதெல்லாம் மின்மோட்டாரோடு வந்த பிரச்சினையும் அல்ல. அமெரிக்காவில் ரயன் நிறுவனம் செய்த எக்ஸ்.வி.-5ஏ 1964-ல் பறந்தது. இரண்டு ஜே85 ஜெட் எஞ்சின்களின் வாயுவால் சுழலும் சுமார் 1.6 மீட்டர் விசிறி இறக்கைக்கு ஒன்று, மூக்கை அடக்க அங்கே ஒரு சின்ன விசிறி. இரண்டு விமானங்கள் கட்டினார்கள். ஒன்று 1965-ல் விழுந்தது. மற்றொன்றில் 1966-ல் மீட்புச் சோதனையின்போது தொங்கவிட்ட பட்டையை இறக்கை விசிறி உறிஞ்சிக்கொண்டது. இரண்டிலும் விமானி இறந்தார். அந்த ஆவணங்களைப் படிக்கும்போது, அவர்கள் மோதிய சுவர்களில் பாதி நாங்கள் மோதும் சுவர்களே என்று தெரிகிறது. மின்மோட்டார் மாற்றியது இரண்டை: வெந்நீர்க் குழாய் போலச் சூடான வாயுவை இறக்கைக்குள் ஓட்ட வேண்டியதில்லை, ஒவ்வொரு விசிறியின் வேகத்தையும் நொடிக்குள் தனித்தனியாக மாற்றலாம். மூக்கு தூக்குவதை அடக்க அது பெரிய பலம்.

என்னைக் கேட்டால், நகரத்துக்குள் குறைந்த தூரம் பறக்கும் சின்ன விமானத்துக்கு இறக்கைக்குள் விசிறி வைப்பது தகும்; பிளேடு வெளியே சுற்றாது, இறங்குபவர் பக்கத்தில் பயமில்லாமல் நடக்கலாம். ஆனால் அந்தரத்தில் அதிக நேரம் நிற்க வேண்டிய வேலைக்கு, ஆம்புலன்ஸ் மீட்பு போன்றவற்றுக்கு, பெரிய திறந்த விசிறியே சரி.

லிப்பின் முன்பக்கத்துக்கு, பின்பக்கத்தைவிடப் பெரிய ஆரம் என்று இப்போது முடிவாகியிருக்கிறது. ஸ்ட்ரக்சர் குழு ஸ்பாரைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொள்ள ஒத்துக்கொண்டது. அடுத்த வேலை மூடி. மேலே போய் வேகமெடுத்ததும் துளையை இறக்கையின் மேற்பரப்போடு மட்டமாக மூட வேண்டும், படி இருக்கக்கூடாது, ஐப்பசி மழையில் நீர் இறங்கவும் கூடாது. மூடியின் அச்சும் அதே அம்பத்தூர் பட்டறையில்தான். ஓரத்தில் ரப்பர் பட்டை எவ்வளவு அழுந்தலாம் என்று மேஸ்திரி கேட்டிருக்கிறார். அந்த எண்ணைத்தான் இந்த வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.