பூமலையில் ஒரு பால்மரம்

சிங்கப்பூரில் காசு செலவில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்க இடம் கேட்டால் நான் பூமலையைத்தான் சொல்வேன். தாவரவியல் தோட்டத்துக்கு (Botanic Gardens) இங்குள்ள தமிழர் வைத்த பெயர் அது. காலை 5 மணிக்கே திறந்துவிடுவார்கள். ஆர்ச்சர்ட் ரோடு எட்டிப்பிடிக்கும் தூரம்தான். ஆனாலும் உள்ளே இருக்கும் 6 ஹெக்டேர் மழைக்காட்டுக்குள் நுழைந்துவிட்டால் காதில் விழுவது சில்வண்டுச் சத்தம் மட்டுமே. 1859-இல் தோட்டம் போடுவதற்கு முன்பே இருந்த காடு அது. பாதையில் உடும்பு படுத்திருந்தால் நாம்தான் ஒதுங்கிப் போகவேண்டும்.

நான் மலேசியாவில், கெடா மாநிலத்து ரப்பர் எஸ்டேட்டில் பிறந்தவள். அதனால் எனக்கு இங்கே வேறொரு கணக்கும் உண்டு. 1877-இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர் கன்றுகள் இங்கேதான் வந்து இறங்கின. 1888-இல் இந்தத் தோட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, ரப்பர் எஸ்டேட் போடச் சொல்லி, தோட்ட முதலாளிகளைக் கண்டாலே சட்டைப்பையிலிருந்து ரப்பர் கொட்டையை எடுத்து நீட்டுவாராம். பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர். மரம் சாகாமல் வருஷக்கணக்கில் பால் எடுக்கும் வெட்டுமுறையையும் அவர்தான் இங்கே சோதித்துக் கண்டார். பிறகு கார் வந்தது, டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது, மலாயாவில் காடுகள் தோட்டங்களாயின. பட்டையைச் சீவிப் பால் எடுக்க நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள்.

ஒரு ஞாயிறு விடியலில் அம்மாவைக் கூட்டிப்போனேன். "இந்நேரம் அரை நிரை முடிச்சிருப்பேன்" என்றார். நிரை என்றால் ஒருவர் சீவவேண்டிய மர வரிசை. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்று இருட்டிலேயே தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு போனவர். ரப்பர் மரத்தைக் காட்டியதும் பெயர்ப்பலகை பக்கமே திரும்பவில்லை. பட்டையை உள்ளங்கையால் தடவி, நகத்தால் கீறப் போனார். தடுத்துவிட்டேன்.

"பட்டையை மட்டும் மெல்லிசா சீவணும். உள்மரத்துல உளி பட்டா தண்டல் ஏசுவாரு."

தண்டல் என்றால் எஸ்டேட் மேற்பார்வையாளர். பட்டையை மட்டும் சீவுவதுதான் ரிட்லியின் முறையும். யார் கண்டுபிடித்தது என்று சொன்னேன். "அவருக்கென்ன, சொல்லிட்டுப் போயிட்டாரு" என்றார்.

கீழே பழுப்பு வரியோடிய ரப்பர் கொட்டை ஒன்று கிடந்தது. சின்ன வயதில் இதைச் சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடேற்றி அடுத்தவள் தொடையில் வைத்து அலறவிடுவோம்.

சரி, மழைக்காட்டில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டேன். "கொசு, அட்டை, பாம்பு எல்லாம் அங்கேயே பார்த்தாச்சு. பூ இருக்கிற பக்கம் போவோம்." ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட் உண்டு, திறப்பதும் எட்டரைக்குத்தான். வாசலில் காத்திருந்து முதல் ஆளாக நுழைந்தார்.